ஆயிரம் சதுர சென்டிமீட்டர்

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ. பொதிகை மலையில் பிறந்து, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. இந்தக் குறுகிய தூரத்துக்குள் மழைக்காடு, தேயிலைத் தோட்டம், அணைக்கட்டு, நெல்வயல், நகரம், நால்வழிச்சாலை, வாழைத்தோப்பு, செம்மண் தேரி, கடற்கரை எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. திருநெல்வேலியில் இருக்கும் ஒரு குடும்பம் ஒரே ஆண்டில் இவை எல்லாவற்றின் மீதும் வண்டி ஓட்டுகிறது. சீசனுக்குக் குற்றாலம், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயில், விடுமுறைக்கு மணிமுத்தாறு, கல்யாணத்துக்கு மதுரை, மருத்துவத்துக்கு நாகர்கோவில் என்று பயணம் ஓய்வதே இல்லை.

அதனால்தான் வசதி வந்ததும் பலர் பெரிய எஸ்.யு.வி. வாங்க நினைக்கிறார்கள். உயரமாக இருக்கும், ஏழு பேர் உட்காரலாம், எந்த ரோட்டிலும் போகும், கனமான வண்டி என்பதால் பாதுகாப்பாகவும் இருக்கும் என்பது எண்ணம். இந்த நான்கு காரணங்களில் முதல் மூன்றும் வண்டியின் திறனைப் பற்றியவை. நான்காவது மட்டுமே உயிரைப் பற்றியது. இயற்பியல் இந்த நான்கையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மலை ஏற உதவும் உயரமே நெடுஞ்சாலையில் வண்டியைக் கவிழ்க்கக்கூடும். மோதலில் காக்கும் எடையே மலையிறக்கத்தில் பிரேக்கைக் காய்ச்சக்கூடும். எந்தக் குணம் எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் பகையாகும் என்று தெரிந்துகொண்டால், கோடி ரூபாய் வண்டியானாலும் இருபது லட்சம் ரூபாய் வண்டியானாலும் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

தரையைத் தொடும் ரப்பர்

ஆளும் சாமானும் சேர்ந்து 2,400 கிலோ எடையுள்ள ஓர் எஸ்.யு.வி.யை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 600 கிலோ. டயருக்குள் காற்றழுத்தம் சுமார் 35 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ. அறுநூறை 2.4 ஆல் வகுத்தால் 250 ச.செ.மீ. வருகிறது. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு, தோராயமாக, அவ்வளவுதான். நான்குக்கும் சேர்த்து ஆயிரம் ச.செ.மீ., ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கிளம்புவது, திரும்புவது, நிற்பது மூன்றும் இந்த ரப்பர் வழியாகத்தான் நடக்க வேண்டும். எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இந்தப் பரப்பின் பிடிமானத்தைத் தாண்டி அது வேலை செய்யாது.

நான்கு சக்கர இயக்கம், அதாவது ஃபோர் வீல் டிரைவ், எஞ்சினின் விசையை நான்கு டயர்களுக்கும் பகிர்ந்து தருகிறது. சேற்றிலும் மணலிலும் கிளம்ப அது பெரிய உதவி. ஆனால் பிரேக் எல்லா வண்டியிலும் ஏற்கெனவே நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. ஆகவே நிற்கும் தூரத்தை ஃபோர் வீல் டிரைவ் ஒரு மீட்டர்கூடக் குறைப்பதில்லை. மழையில் சுலபமாக வேகமெடுக்கும் வண்டி அதே சுலபத்தில் நிற்கும் என்று ஓட்டுநர் நம்பிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். மதுரையிலிருந்து திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி போகும் நால்வழிச்சாலையில் வேகம் மணிக்கு 100 கி.மீ. எதிரே மாடு நிற்பதைக் கண்டு பிரேக்கில் கால் அழுந்த ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் வண்டி 42 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு 0.7 என்று வைத்தால் அதன்பிறகு நிற்க 56 மீட்டர் வேண்டும். மழையில் அது 0.4 ஆகக் குறைந்தால் 98 மீட்டர். காய்ந்த ரோட்டில் மொத்தம் 98, நனைந்த ரோட்டில் 140. இந்தச் சூத்திரத்தில் எடை தானாகவே நீங்கிவிடுகிறது. பெரிய வண்டி, சின்ன வண்டி என்ற பேதம் இதில் கிடையாது. வேகத்தின் வர்க்கமும் டயரின் பிடியும் மட்டுமே மிஞ்சுகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் தேங்கும்போது இன்னொரு நிகழ்வு சேர்ந்துகொள்கிறது. டயரின் பள்ளங்கள் வழியே வெளியேற நேரமில்லாத தண்ணீர் ஆப்புபோல நுழைந்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். 1960களில் அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வு மையத்தில் வால்ட்டர் ஹார்ன் குழுவினர் விமான டயர்களைக் கொண்டு இதை ஆராய்ந்து, தூக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அந்தச் சூத்திரத்தின்படி 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது மணிக்கு சுமார் 94 கி.மீ. நல்ல பள்ளமுள்ள கார் டயர் இன்னும் சற்றுத் தாங்கும்; மொட்டை டயர் அதற்கு முன்பே மிதக்கத் தொடங்கும். அப்படி மிதக்கும்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் பொருள்கள்.

எனவே பிடிமானத்துக்கான முதல் செலவு டயர்தான். கரடுமுரடான பெரிய பட்டன் வைத்த சேற்று டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி தார் ரோட்டில் ஓடும் குடும்ப வண்டிக்கு, நனைந்த தாரில் நன்றாகப் பிடிக்கும் சாலை டயரே பொருத்தம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் மூப்படையும். திருநெல்வேலி வெயிலில் நிற்கும் வண்டியில் அது சீக்கிரமே நடக்கும்.

உயரத்தின் விலை

ஒரு வண்டி கவிழும் வாய்ப்பை அளக்க எளிய ஓர் எண் உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதை நிலைத்தன்மைக் காரணி என்று கணக்கிட்டு, 2001 மாடல்களிலிருந்து மதிப்பெண் தருகிறது. அகலம் 1.5 மீட்டர், மைய உயரம் 0.53 மீட்டர் உள்ள காருக்கு அது 1.42. அகலம் 1.6, உயரம் 0.75 என்றுள்ள எஸ்.யு.வி.க்கு 1.07. எண் குறையக் குறைய வண்டி சுலபமாகச் சாயும்.

அந்த எஸ்.யு.வி.யின் கூரையில் கேரியர் பூட்டி, 1.9 மீட்டர் உயரத்தில் 100 கிலோ மூட்டையை ஏற்றினால் என்ன ஆகும்? மொத்த எடையின் மையம் கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்து, காரணி 1.0க்கு இறங்கிவிடும். சாமானைப் பின்பக்கத் தரையில் வைக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். டயரின் பிடிமானம் 0.7 அல்லது 0.8தான், காரணி 1.07. அப்படியானால் வண்டி கவிழ்வதற்கு முன்பே வழுக்க வேண்டும் அல்லவா? சமதளமான தாரில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கவிழ்வது வழுக்கிய பிறகு. பக்கவாட்டில் சரியும் சக்கரம் ரோட்டோர மண்ணில் புதையும், அல்லது சென்டர் மீடியனின் கல்லில் இடறும். அப்போது மேல்பாதி நகர்ந்துகொண்டே இருக்க, கீழ்ப்பாதி நின்றுவிடுகிறது. தனி வண்டியாகக் கவிழும் விபத்துகளில் சுமார் 95 விழுக்காடு இப்படி இடறி நிகழ்பவை என்று அதே அமெரிக்க நிர்வாகம் சொல்கிறது.

ஆகவே கவிழாமல் இருக்க ஒரே வழி, வண்டி ரோட்டை விட்டு வழுக்கிப் போகாமல் பார்த்துக்கொள்வது. அதைச் செய்ய ஒரு கருவி இருக்கிறது. எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று பெயர். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இடைவிடாமல் ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்ததும் ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும். 1995இல் மெர்சிடிஸ் சொகுசுக் கார்களில் இது அறிமுகமானது. 1997 அக்டோபரில் சுவீடனில் அதே நிறுவனத்தின் உயரமான சிறிய ஏ கிளாஸ் கார், திடீரென்று ஒதுங்கித் திரும்பும் சோதனையில் கவிழ்ந்தது. அதன்பிறகு நிறுவனம் அந்த மாடல் முழுவதிலும் இந்தக் கருவியைச் சேர்த்தது. சின்ன வண்டிகளுக்கும் இது பரவத் தொடங்கிய திருப்பம் அதுதான். 2007இல் அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கும் விதியை வகுத்தபோது, எஸ்.யு.வி.களின் தனி வண்டி விபத்துகளை 59 விழுக்காடும் கவிழ்வதை 84 விழுக்காடும் இது குறைக்கும் என்று மதிப்பிடப்பட்டது. உயரமான வண்டி கவிழாமல் காக்க இதைவிடப் பெரிய கருவி வேறு எதுவும் இல்லை. சன்ரூஃபுக்கும் தோல் சீட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு இது இல்லாத மாடலை வாங்குவதில் எந்த நியாயமும் கிடையாது.

மாஞ்சோலை ஏற்றமும் இறக்கமும்

மணிமுத்தாறு அணையைத் தாண்டியதும் மாஞ்சோலை ரோடு காட்டுக்குள் ஏறுகிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டு குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களுக்கான பாதை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக ஊர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். குறுகலான, பெயர்ந்த, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதை. பல தலைமுறைத் தொழிலாளர்களை அதில் ஏற்றி இறக்கியது பின்சக்கரம் மட்டுமே இயங்கும் அரசுப் பேருந்து.

அந்தப் பேருந்திடம் கற்க நிறைய இருக்கிறது. இயங்கும் பின்சக்கரங்களின் மேல் நல்ல எடை, எஞ்சினின் திருப்புவிசையைப் பலமடங்கு பெருக்கும் முதல் கியர், அவசரப்படாத ஓட்டுநர் இம்மூன்றும்தான் அதன் திறன். நல்ல எஸ்.யு.வி.யில் இருக்கும் லோ ரேஞ்ச் கியர் இவற்றில் இரண்டாவதற்கு ஈடு. அது விசையை மேலும் சுமார் இரண்டரை மடங்கு பெருக்கி, வேகத்தை அதே அளவு குறைக்கிறது. நடக்கும் வேகத்தில், கிளட்ச் கருகாமல், பாறைமேல் ஏற முடிகிறது.

அடுத்தது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு அது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்றால், கெட்டித் தரையில் இருக்கும் மறுசக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். இரண்டையும் இணைத்துப் பூட்டும் லாக், அல்லது சுழலும் சக்கரத்தில் தானே பிரேக் பிடித்து விசையை மறுபக்கம் தள்ளும் மின்னணு அமைப்பு, இரண்டில் ஒன்று இல்லாமல் ஃபோர் வீல் டிரைவ் என்ற எழுத்துக்கு முழுப் பொருள் கிடையாது. முன், பின் அச்சுகளை நேரடியாகப் பூட்டும் பகுதிநேர வகையைக் காய்ந்த தாரில் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி, பற்சக்கரங்களுக்குக் கேடு வரும். குடும்பத்தில் பலர் மாற்றி மாற்றி ஓட்டும் வண்டிக்கு, தானே பகிர்ந்துகொள்ளும் முழுநேர வகை பொருத்தமானது.

இடிக்காமல் ஏறுவது வடிவியல் சார்ந்தது. முன் டயரிலிருந்து பம்பரின் அடிக்கு வரையும் கோடு தரையோடு செய்யும் கோணம் அணுகுகோணம். பின்பக்கத்துக்கும் நடுவயிற்றுக்கும் இதுபோலத் தனிக் கோணங்கள் உண்டு. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 காற்று சஸ்பென்ஷனை உயர்த்தி நிற்கும்போது இவை முறையே 38, 40, 28 டிகிரி. தரை இடைவெளி 291 மி.மீ. மாஞ்சோலைப் பாதைக்கு இவ்வளவும் தேவையே இல்லை. பேருந்தின் நீண்ட பின்பகுதி இடிக்காமல் திரும்பும் வளைவில் எந்த எஸ்.யு.வி.யும் திரும்பும். வாங்குபவர் எண்ணைப் பார்க்க வேண்டியது, தன் ஊர்ப் பாதைக்கு எவ்வளவு போதும் என்று அறியத்தான்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. 2,400 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 23.5 மெகாஜூல் ஆற்றலை எங்காவது விட வேண்டும். நான்கு சக்கரங்களின் டிஸ்க்குகளும் சேர்ந்து 40 கிலோ இரும்பு என்று கொண்டால், காற்றில் வெப்பம் போகாத பட்சத்தில், அவற்றை 1,200 டிகிரிக்கு மேல் சூடாக்க அது போதும். நடைமுறையில் காற்று குளிர்விக்கும். ஆனால் வழிநெடுக பிரேக்கை மிதித்தே இறங்கினால் குளிரும் வேகத்தைவிடச் சூடாகும் வேகம் மிஞ்சிவிடும். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய டாட் 4 பிரேக் ஆயிலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். அது கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் முழு அறிவியலும் அடங்கியிருக்கிறது. எஞ்சின் தன் உராய்வால் ஆற்றலை விழுங்கி ரேடியேட்டர் வழியாகவும் புகைப்போக்கி வழியாகவும் வெளியே தள்ளுகிறது. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் இதன் பகுதி.

சொகுசு என்ற சொல்லுக்கும் இந்த மலையில்தான் சரியான பொருள் தெரிகிறது. மனித உடல் மேலும் கீழுமாக ஆடும்போது விநாடிக்கு நான்கு முதல் எட்டு அதிர்வுகள் வயிற்றையும் முதுகையும் அதிகம் வருத்தும். நல்ல சஸ்பென்ஷன் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் ஆடி அவற்றை வடிகட்டுகிறது. ஆனால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை போன்ற மெதுவான ஆட்டம்தான் குமட்டலை வரவழைப்பது. வளைவுக்கு வளைவு சாய்ந்து நிமிரும் மெத்தென்ற உயர வண்டியில் குழந்தைகள் வாந்தி எடுப்பது அதனால்தான். சோதனை ஓட்டத்தின்போது குடும்பத்தை, குறிப்பாகக் கடைசி வரிசையில் உட்காரப்போகும் பிள்ளையை, ஏற்றிக்கொண்டு வளைவுள்ள ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தேரி

மலையில் இருந்து கடலை நோக்கி வந்தால், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் சிவந்த மணல்மேடுகள் எழுகின்றன. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் அந்த மணலை நன்கு அறிவார்கள். ரோட்டைவிட்டு ஒதுக்கி நிறுத்திய வண்டி கிளம்பும்போது உட்கார்ந்துவிடும். இங்கே எதிரி அழுத்தம். டயரின் காற்றைப் பாதியாகக் குறைத்தால் தொடும் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகி, மணல்மீது அழுத்தம் பாதியாகும். இலகுவான இரு சக்கர இயக்க வண்டியே அப்போது வெளியேறிவிடும். முழுக் காற்றோடு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கனமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகமெடுக்கக் கூடாது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகி வெடிக்கும். சிறிய காற்றடிக்கும் பம்பும் பிரஷர் கேஜும் வண்டியில் இருப்பது, பல லட்சம் ரூபாய் கூடுதல் வசதிகளைவிட இந்தப் பக்கத்தில் பயன்படும்.

தண்ணீர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது, திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ரோடுகள் துண்டிக்கப்பட்டன. பெரிய வண்டி வைத்திருப்பவர் மனதில் துணிச்சல் பிறக்கும் நேரம் இதுதான். அவர் கையில் நிறுவனம் கொடுத்த ஓர் எண்ணும் இருக்கும். மஹிந்திரா தார் ராக்ஸுக்கு 650 மி.மீ., டிஃபெண்டருக்கு 900 மி.மீ. ஆழத் தண்ணீரில் போகலாம் என்று.

அந்த எண்கள் தேங்கிய தண்ணீரில், மெதுவாகப் போகும்போது பொருந்துபவை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவற்றைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த வாய்க்குள் தண்ணீர் போனால், அமுக்க முடியாத நீரை பிஸ்டன் அமுக்கப் பார்த்துக் கனெக்டிங் ராடு வளையும். ஆனால் ஓடும் தண்ணீரில் வேறு இரண்டு விசைகள் வேலை செய்கின்றன.

முதலாவது மிதப்புவிசை. வண்டியின் பயணிகள் அறை மூன்று மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம் என்றால் தரைப்பரப்பு 4.8 ச.மீ. தண்ணீர் அந்தத் தரைக்குமேல் பத்து சென்டிமீட்டர் ஏறும் ஒவ்வொரு முறையும் 480 கிலோ எடை குறையும். வண்டியின் தரை 45 செ.மீ. உயரத்தில் இருந்தால், 95 செ.மீ. தண்ணீரில் 2,400 கிலோவும் தீர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரான்ட்லி ஸ்மித் தலைமையிலான பொறியாளர்கள் நிஜ வண்டிகளைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தபோது, இரண்டரை டன் நிஸ்ஸான் பேட்ரோல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி 95 செ.மீ.யில் முழுவதும் மிதந்தது. விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில் அது வெறும் 45 செ.மீ. ஆழத்திலேயே நிலைகுலைந்தது. ஒரு டன் எடையுள்ள சிறிய காரை அதே ஓட்டத்தில் 15 செ.மீ. தண்ணீர் நகர்த்திவிட்டது. விநாடிக்கு ஒரு மீட்டர் என்பது மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு.

இரண்டாவது, பக்கவாட்டு உந்துவிசை. அது நீரோட்ட வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. நம் 2,400 கிலோ வண்டி 70 செ.மீ. தண்ணீரில் நிற்கட்டும். பாதி எடை மிதப்பில் போய்விட்டது. மீதி 1,200 கிலோ. சேறு படிந்த தரைப்பாலத்தில் உராய்வு 0.3 என்றால் டயர்கள் தாங்குவது 360 கிலோ அளவு விசை. தண்ணீர் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வண்டியின் பக்கத்தில் சுமார் இரண்டு சதுர மீட்டர் பரப்பில் மோதினால் வரும் உந்துவிசை 450 கிலோ அளவு. வண்டி ஆற்றுக்குள் போகும். டிரைவிங் திறமையோ, டிஃபரன்ஷியல் லாக்கோ, வண்டியின் விலையோ இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

கதவுகளின் ரப்பர் எவ்வளவு இறுக்கமோ, உள்ளே எவ்வளவு அமைதியோ, அந்த அளவுக்கு வண்டி நன்றாக மிதக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலங்கிய தண்ணீருக்குக் கீழே ரோடு இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துத் தெரியவும் தெரியாது. ஓடும் தண்ணீர் தரைப்பாலத்தை மூடியிருந்தால் திரும்பிவிட வேண்டும். எந்த எஸ்.யு.வி.க்கும் இதில் விலக்கு இல்லை.

உள்ளே இருக்கும் உயிர்கள்

2022 செப்டம்பர் 4 அன்று மும்பை அகமதாபாத் நெடுஞ்சாலையில், பால்கர் மாவட்டத்தில் ஒரு சொகுசு எஸ்.யு.வி. பாலச்சுவரில் மோதியது. டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் அவரோடு பின்சீட்டில் இருந்த இன்னொருவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவர் பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள் சீட் பெல்ட் போடவில்லை என்று காவல்துறை தெரிவித்தது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நடக்கும் மோதலையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் முன்பகுதி நசுங்குவதும் பெல்ட் சற்று நீள்வதுமாக, பெல்ட் போட்டவர் சுமார் 60 செ.மீ. தூரத்தில் நிற்கிறார். அவர் உடல்மீது எடையைப்போல 16 மடங்கு விசை. பெல்ட் போடாதவரோ வண்டி நின்ற பிறகும் அதே வேகத்தில் பறந்து, முன்சீட்டில் பத்து சென்டிமீட்டருக்குள் நிற்கிறார். நூறு மடங்கு விசை. எழுபது கிலோ மனிதர் ஏழு டன் விசையோடு முன்னே இருப்பவரின் முதுகில் மோதுகிறார். மடியில் வைத்த பத்துக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, மிகச் சிறந்த வண்டியிலும் 160 கிலோ தூக்கும் கை வேண்டும். எந்தத் தாய்க்கும் அது சாத்தியமில்லை. 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை பெல்ட்டைவிட எளிய, சிறந்த உயிர்காப்புக் கருவி இன்னும் வரவில்லை. 2019இல் திருத்தப்பட்ட நம் மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட் அல்லது குழந்தை இருக்கை கட்டாயம் என்கிறது.

ஆகவே ஷோரூமில் முதலில் திறக்க வேண்டியது பின்கதவு. இரண்டாம் வரிசையில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கைக்கு எட்டுகின்றனவா? மூன்றாம் வரிசையில் எல்லா இடத்திலும் மும்முனை பெல்ட், தலைதாங்கி, பக்கத் திரைக் காற்றுப்பை உண்டா? கடைசி சீட்டின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஏழு பேர் என்ற விளம்பரத்தைவிட இந்த விடைகள் முக்கியம்.

ஏணிபோன்ற சேஸிஸ் மேல் உடலைப் பூட்டிய வண்டி உறுதியானது, ஒரே கூடாகச் செய்த வண்டி மெலிது என்று ஒரு பேச்சு உண்டு. மோதலில் தேவைப்படுவது இரண்டு வகை உறுதி: ஆற்றலை விழுங்கி நசுங்கும் முன்பகுதியும், நசுங்கவே கூடாத பயணிகள் கூடும். இரண்டு கட்டமைப்பிலும் இதைச் செய்ய முடியும், செய்யத் தவறவும் முடியும். ஏணிச் சேஸிஸ் கொண்ட ஸ்கார்ப்பியோ என் 2022இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையிலும், தார் ராக்ஸ் 2024இல் பாரத் என்கேப் சோதனையிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. அலுமினிய ஒற்றைக்கூடான டிஃபெண்டரும் 2020இல் யூரோ என்கேப்பில் ஐந்து பெற்றது. ஆக, நம்ப வேண்டியது சோதனை முடிவைத்தான்.

பம்பருக்கு முன்னால்

இந்தியச் சாலைகளில் 2022இல் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் இருந்தவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். டவுன் ரதவீதியிலும் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாசல்களிலும் நம் வண்டிக்கு முன்னால் இருப்பவர்கள் இவர்களே. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பானட் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சரிந்த முகமுள்ள கார்களைவிட நடந்து செல்பவர் சாகும் வாய்ப்பைச் சுமார் 45 விழுக்காடு கூட்டுகின்றன என்று கண்டது. தாழ்ந்த பானட் கால்களில் மோதி ஆளை மேலே சாய்க்கும். உயர்ந்த பானட் நெஞ்சிலும் தலையிலும் மோதி முன்னே தள்ளும். நான்கு வயதுப் பிள்ளை அந்த உயரத்துக்குப் பின்னால் ஓட்டுநர் கண்ணுக்கே தெரியாது. முன், பின் கேமராவும், தானே பிரேக் பிடிக்கும் வசதியும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்யும் செலவு. முன்னால் பூட்டும் இரும்பு கார்டு எதிரே இருப்பவரைக் கொல்வதோடு, நசுங்கும் பகுதியையும் காற்றுப்பை உணரியையும் குழப்பும். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது.

வரிசை

இவ்வளவையும் சேர்த்தால் பணத்தைச் செலவிட ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் மோதல் சோதனையில் நிரூபிக்கப்பட்ட கூடும், எல்லா இருக்கைக்கும் பெல்ட்டும். அடுத்து ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். பிறகு நல்ல டயரும் பிரேக்கும். அதன்பின் குழந்தை இருக்கை, கேமரா. இவை எல்லாம் கிடைத்த பிறகு, வயல் வரப்பும் மலைப்பாதையும் உண்மையில் வழியில் இருக்கும் குடும்பத்துக்கு லோ ரேஞ்சும் ஃபோர் வீல் டிரைவும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி விற்பதே விளம்பரத்தின் இயல்பு.

வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியாவின் பிரபலமான ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது ஐந்தும் பூஜ்ய நட்சத்திரம் பெற்றன. மக்கள் நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். 2018 டிசம்பரில் டாட்டா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் ஆனது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்து, 64 கி.மீ. வேகத்தில் முன்மோதலும் 50 கி.மீ.யில் பக்கமோதலும் நம் நாட்டிலேயே சோதிக்கப்படுகின்றன. பத்தாண்டுக்குள் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு வந்தது, ஷோரூமில் நின்று கேட்டவர்களாலும் நடந்தது. ஆகவே கேளுங்கள்: இந்த வேரியன்ட் சோதிக்கப்பட்டதா, கடைசி வரிசைக்கும் சேர்த்தா, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அடிப்படை மாடலிலும் உண்டா? கோடி ரூபாய் வண்டி வாங்குபவர் இன்று விடாமல் கேட்டுப் பெறும் பாதுகாப்பு, சில ஆண்டுகளில் எட்டு லட்ச ரூபாய் வண்டியிலும் வந்து சேரும். அந்த வண்டியில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பாலான பிள்ளைகள் பயணம் செய்கிறார்கள்.